செர்ரோசேஃப்: பெயர் தெரியாத சேம்பரைப் படிக்கும் உலோகம்

அமெரிக்காவில் ஏலத்திலோ பழைய துப்பாக்கிக் கடையிலோ வாங்கிய வேட்டை ரைபிளின் பேரலில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மவுசர் 98 ஆக்‌ஷன் இருக்கும். தோட்டாவை ஏற்றிப் பூட்டும் அந்த இயக்கப் பகுதியில் எப்போதோ ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி செய்து செப்பனிடுபவர்) மாட்டிய பேரல் இருக்கும். முத்திரை "257 இம்ப்" என்று பாதியில் நிற்கும். சில பேரல்களில் அதுவும் இருக்காது. தொழிற்சாலை .30-06 என்று பொறித்த பேரலுக்குள் பிறகு ரீமர் என்ற கடைசல் கருவியை விட்டு சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) பெரிதாக்கி, எழுத்தை மட்டும் மாற்றாமல் விட்டவர்களும் உண்டு.

எந்தக் கம்பெனியும் தயாரிக்காத, அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அமைப்பு அளவு நிர்ணயிக்காத இப்படிப்பட்ட தோட்டாக்களுக்கு வைல்ட்கேட் என்று பெயர். இவை ஏதோ மூலையில் கிடக்கும் விசித்திரங்கள் அல்ல. .22-250 தோட்டாவை 1965-ல் ரெமிங்டன் தன் பெயரில் கொண்டுவரும்வரை அது வைல்ட்கேட்தான். .25-06 அந்த நிலையிலிருந்து 1969-ல் வெளியே வந்தது, .35 வீலன் 1988-ல். கொலராடோ மாநிலம் டிரினிடாடில் கடை வைத்திருந்த பி.ஓ. ஆக்லி என்ற கன்ஸ்மித்தின் "இம்ப்ரூவ்டு" வரிசையில், அதாவது மூலத் தோட்டாவின் தோள் கோணத்தைக் கூட்டும் முறையில், வெட்டப்பட்ட சேம்பர்கள் இன்னும் எத்தனையோ ரைபிள்களில் இருக்கின்றன.

அப்படி ஒரு ரைபிள் கைக்கு வந்தால் முதலில் வாங்க வேண்டியது டையோ (கேஸை வடிவமைக்கும் கருவி) கேஸோ (தோட்டாவின் பித்தளைக் கூடு) அல்ல. அரை பவுண்டு செர்ரோசேஃப். சேம்பருக்குள் ஊற்றி அச்சு எடுப்பதற்கான உலோகக் கலவை இது. பிரவுனெல்ஸ் போன்ற கன்ஸ்மித் பொருள் கடைகளில் கிடைக்கும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பது உறுதி. அதே நேரம், இதன் பதிலை முழுப் பதிலாக எடுத்துக்கொண்டு தோட்டா நிரப்பத் தொடங்குவதுதான் பலர் செய்யும் ஆபத்தான தவறு. அச்சு காட்டுவது சேம்பரை. தோட்டா எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த அச்சிலிருந்து நாம்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

உலோகத்தின் குணம்

பிஸ்மத் 42.5 சதவீதம், ஈயம் 37.7, வெள்ளீயம் 11.3, காட்மியம் 8.5. இதுதான் கலவை. 158 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இளகத் தொடங்கி 190-ல் முழுத் திரவமாகிறது. செல்சியஸில் 70 முதல் 88 வரை. கொதிக்கும் தண்ணீரின் சூட்டுக்குள்ளேயே உருகிவிடுகிறது என்பதுதான் இதன் மிகப் பெரிய நன்மை. தவறாக ஊற்றிவிட்டாலும் பேரலைச் சூடுபடுத்தி முழுவதையும் வெளியே எடுத்துவிடலாம். எஃகுக்கு ஒரு கெடுதலும் வராது.

அடுத்த குணம் பிஸ்மத்தால் வருவது. உறைந்த பிறகு இந்த உலோகம் முதலில் கொஞ்சம் சுருங்குகிறது, பிறகு மெல்ல வளர்கிறது. ஓர் அங்குல நீளத்துக்கு இவ்வளவு என்று கணக்கு: 2 நிமிடத்தில் 0.0004 அங்குலம் குறைவு, 6 நிமிடத்தில் 0.0007 குறைவு, 30 நிமிடத்தில் 0.0009 குறைவு. ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அளவே அச்சின் அளவு. 2 மணி நேரத்தில் 0.0016 அதிகம், 24 மணி நேரத்தில் 0.0022 அதிகம், நான்கு நாளில் 0.0025 அதிகம். அதன் பிறகு அப்படியே நின்றுவிடும்.

இந்த எண்களைப் பார்த்து "அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதானே" என்று விட்டுவிடக் கூடாது. விட்டத்தில் பிழை சிறியதுதான். 0.257 அங்குல குரூவ் (பேரலுக்குள் உள்ள சுழல் பள்ளம்) விட்டத்தை இரண்டு மணி நேரம் கழித்து அளந்தாலும் 0.0004 அளவுக்குத்தான் பிசகும். நீளத்தில் கதை வேறு. இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள சேம்பரை அதே நேரத்தில் அளந்தால் 0.003 அங்குலத்துக்கு மேல் பிசகும். ஆக்லி இம்ப்ரூவ்டு சேம்பருக்கும் அதன் மூலத் தோட்டாவின் சேம்பருக்கும் ஹெட்ஸ்பேஸில் (சேம்பரை மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து, கேஸ் முன்னால் தங்கி நிற்கும் இடம்வரை உள்ள நீளம்) இருக்க வேண்டிய வித்தியாசமே 0.004 அங்குலம்தான். ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதியை அளவுப் பிழையே விழுங்கிவிடும். எனவே ஊற்றிய நேரத்தைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். நீள அளவுகள் அனைத்தையும் ஒரு மணி நேரத்தை ஒட்டி, பத்து நிமிடத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். விட்டங்களைப் பிறகு நிதானமாக எடுக்கலாம்.

ஊற்றுவதற்கு முன்

போல்ட்டைக் கழற்றி போல்ட் முகத்தை அளந்தாலே பாதித் தோட்டாக் குடும்பங்கள் விலகிவிடும். உள்விட்டம் 0.378-க்குச் சற்று மேல் என்றால் .222, .223 வகை. 0.473-க்குச் சற்று மேல் என்றால் .30-06, .308, 7×57, 8×57, .250 சாவேஜ் எல்லாம் அடங்கிய பெரிய குடும்பம். 0.532-க்குச் சற்று மேல் என்றால் பெல்ட் போட்ட மேக்னம் வகை; .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிலிருந்து வந்தவை. வைல்ட்கேட் செய்தவர்களில் பெரும்பாலோர் 0.473 குடும்பத்தில்தான் விளையாடியிருக்கிறார்கள். காரணம் எளிது: மவுசர் ஆக்‌ஷனும் .30-06 கேஸும் எங்கும் மலிவாகக் கிடைத்தன.

பிறகு சுத்தம். சேம்பரிலும் அதற்கு முன்னுள்ள பேரலிலும் ஒட்டியிருக்கும் செம்பு, கரி, பழைய கிரீஸ் எல்லாம் போக வேண்டும். கரி படிந்த கழுத்துப் பகுதி அச்சில் ஒன்றிரண்டு ஆயிரத்தில் பங்கு சிறியதாக விழும். கழுத்து அளவில் அந்த ஒன்றிரண்டுதான் பின்னால் உயிர்நாடி. கடைசியில் எண்ணெய் தொட்ட பேட்ச் (சிறு துணித்துண்டு) ஒன்றை விட்டு, அதன் மேல் உலர்ந்த பேட்ச் ஒன்றை விட்டால் போதும். எண்ணெய் தேங்கி நின்றால் அச்சின் தோலில் குழி குழியாக விழும்; அந்த இடத்து அளவு செல்லாது.

ஊற்றும் முறை

கிளீனிங் ராடில் ஜாக் (பேட்சைத் தாங்கும் முனை) மாட்டி, இறுக்கமாக உட்காரும் அளவுக்கு பேட்சைச் சுற்றி, முன்வாயிலிருந்து உள்ளே தள்ள வேண்டும். சேம்பரின் கழுத்து முடியும் இடத்திலிருந்து முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் முன்னால் அடைப்பு நிற்க வேண்டும். அதைவிடக் குறைத்தால் ரைஃப்ளிங் (பேரலின் சுழல் வரிகள்) அச்சில் போதிய அளவு பதியாது. தோட்டாவின் குண்டு விட்டத்தைக் கண்டுபிடிப்பது அந்தப் பகுதியை வைத்துத்தான். அதைவிட நீட்டினால் வெளியே தள்ளும்போது பிடிக்கும். ராடை அப்படியே உள்ளே விட்டுவைத்து, ரைபிளை வாய் கீழாகப் பஞ்சு வைத்த வைஸில் நிறுத்த வேண்டும். ஸ்டாக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

உலோகத்தை நேரடித் தீயில் உருக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு கரண்டியில் உருக்குவதே சரி. தண்ணீருக்கு மேல் சூடு ஏறாது, உலோகமும் கெடாது. டார்ச் வைத்து உருக்குகிறவர்கள் அவசரத்தில் அதிகச் சூடாக்கிவிடுகிறார்கள். அப்போது மேலே அழுக்கு திரளும். காட்மியம் கலந்த பொருளை அளவுக்கு மீறிக் காய்ச்சுவது நுரையீரலுக்கும் கேடு. கரண்டியின் அடியில் ஈரம் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

சேம்பர் குளிர்ந்திருக்கக் கூடாது. ஹேர் டிரையரை வெளிப்பக்கம் பிடித்து, கை வைத்தால் இதமான சூடு தெரியும் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். குளிர்ந்த எஃகில் ஊற்றினால் உலோகம் சுருக்கம் விழுந்து உறையும். தோளும் கழுத்தும் சேரும் மூலை நிரம்பாமல் உருண்டையாகிவிடும். உருண்ட மூலையைப் பார்த்து "வெதர்பி தோள்" என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள். ராய் வெதர்பியின் தோட்டாக்களில் தோளின் இரு முனையும் உண்மையிலேயே வளைவாக இருக்கும். ஆனால் அந்த வளைவு சுற்றிலும் ஒரே சீராக, பளபளப்பாக இருக்கும். குளிரில் உறைந்த அச்சின் வளைவு ஒரு பக்கம் ஒரு விதமாக, மங்கலாக இருக்கும்.

மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றைச் சேம்பரின் அடிவரை விட்டு, அதன் வழியே ஊற்றியபடி குழாயை மேலே இழுத்துக்கொண்டே வந்தால் காற்று சிக்காது. .30-06 அளவுள்ள சேம்பருக்கு 60 முதல் 70 கிராம் பிடிக்கும். அரை பவுண்டில் தாராளமாக மூன்று அச்சு எடுக்கலாம். உருக்கும்போது ஒன்றரைப் பங்கு உருக்கிக்கொள்வது நல்லது. பாதியில் நிறுத்தி மீண்டும் ஊற்றினால் இரண்டு துண்டாகத்தான் வரும். பேரலின் பின்முகம் வரை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். போல்ட்டின் லக் (பூட்டும் காது) உட்காரும் குழிக்குள் வழிந்தால் அச்சு பூட்டிக்கொள்ளும்.

இரண்டொரு நிமிடத்தில் மேற்பரப்பு மங்கி உறையும். அரை மணி நேரத்துக்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். மிகவும் சுருங்கியிருக்கும் நேரம் அதுதான். முன்வாயில் நிற்கும் ராடை மெல்லத் தட்டினால் அச்சு பின்பக்கமாக வரும். மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் வளர்ந்து இறுகிவிடும். அப்படி ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை. பேரலை அவிழ்த்த ஆக்‌ஷனோடு கொதிநீரில் நிறுத்தி எடுத்தால் எல்லாம் வழிந்துவிடும். பேட்ச் தளர்ந்து உலோகம் பேரலுக்குள் ஓடினாலும் அதே வைத்தியம்தான். ஒரு துளி பேரலுக்குள் ஒட்டியிருந்தாலும் சுடக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இறுக்கமான பேட்ச் ஒன்று தடையில்லாமல் போய்வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

லீவர் ஆக்‌ஷன், ஆட்டோ லோடர் ரைபிள்களில் பின்பக்கத்திலிருந்து நேராக வழி இருக்காது. பேரலைக் கழற்றாமல் அவற்றில் நல்ல அச்சு எடுப்பது கடினம். இதற்கு செர்ரோசேஃபைக் குறை சொல்ல முடியாது.

அச்சைப் படிப்பது

கேலிப்பர் நீளத்துக்குச் சரி, விட்டத்துக்கு 0.0001 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். உலோகம் மென்மையானது, அழுத்தினால் பள்ளம் விழும். மைக்ரோமீட்டரின் ராட்செட்டை மட்டும் திருப்ப வேண்டும்.

எடுக்க வேண்டியவை: அடிப்பக்க விட்டம், தோள் தொடங்கும் இடத்தில் விட்டம், கழுத்தின் விட்டம் பின்னாலும் முன்னாலும், கழுத்து முடியும் படிக்கட்டு வரை நீளம், த்ரோட்டின் (கழுத்துக்கும் ரைஃப்ளிங்குக்கும் இடையிலுள்ள பகுதி) நீளம், ரைஃப்ளிங்கின் குரூவ் விட்டம், லேண்ட் (பள்ளங்களுக்கு இடையிலான மேடு) விட்டம்.

குரூவ், லேண்ட் இரண்டையும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 7 மில்லிமீட்டர் பேரலில் குரூவ் 0.284, லேண்ட் 0.277 அருகே. .270 பேரலில் குரூவ் 0.277, லேண்ட் 0.270. முன்வாயில் கேலிப்பரை விட்டு லேண்டை மட்டும் அளந்து 0.277 பார்த்தவர் அதை .270 என்று எழுதிவிடுவார். 8 மில்லிமீட்டரில் பழைய 0.318 குரூவும் பிந்தைய 0.323 குரூவும் உண்டு; பழையதில் புதிய குண்டைப் போட்டுச் சுட்டால் அழுத்தம் எகிறும். அச்சில் குரூவ் என்பது மேடாக வரும், லேண்ட் பள்ளமாக வரும். புதிதாகச் செய்பவர்கள் இதை மாற்றிக் குறித்துவிடுவது வழக்கம். குரூவ் எண்ணிக்கை ஐந்து என்றால் எதிரெதிரே மேடு வராது. அப்போது சாதாரண மைக்ரோமீட்டர் தவறான எண் தரும். வி வடிவ அன்வில் உள்ளது வேண்டும்.

தோளின் கோணத்தைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. தோள் தொடங்கும் விட்டத்திலிருந்து கழுத்து விட்டத்தைக் கழித்து, பாதியாக்கி, அந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான நீளத்தால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். ஓர் உதாரணம். தோளில் 0.455, கழுத்தில் 0.290, குரூவ் 0.257 என்று அச்சு சொல்கிறது. வித்தியாசத்தில் பாதி 0.0825. தோளின் நீளம் 0.098 என்று வந்தால் கோணம் 40 டிகிரி. அது ஆக்லியின் கையெழுத்து. அதே இடத்தில் .30-06-இன் 17.5 டிகிரி தோள் இருந்தால் நீளம் 0.26 வந்திருக்கும். இரண்டரை மடங்கு வித்தியாசம், குழப்பத்துக்கே இடமில்லை.

குண்டு .25, தோள் 40 டிகிரி என்று தெரிந்தது. ஆனால் எந்தக் கேஸ்? இங்கேதான் நீளம் வேண்டும். ஆக்லியின் முறையில் கழுத்தும் தோளும் சேரும் மூலை, மூலத் தோட்டாவில் இருந்த இடத்திலேயே நிற்கும்; உடலும் தோளும் சேரும் மூலைதான் முன்னால் போகும். .25-06-இல் தோள் 0.441 விட்டத்தில் 1.948 அங்குலத்தில் தொடங்கி, கழுத்தை 2.19 அருகே தொடுகிறது. அதை 40 டிகிரிக்கு மாற்றினால் தோள் 2.09 அருகே தொடங்க வேண்டும். .257 ராபர்ட்ஸ் 7×57-இலிருந்து வந்தது. அதில் தோள் தொடங்கும் இடம் 1.73 அருகே. இம்ப்ரூவ்டு ஆக்கினால் கணக்குப்படி 1.81 அருகே. 2.09-க்கும் 1.81-க்கும் இடையே கால் அங்குலத்துக்கு மேல் இருக்கிறது. "257 இம்ப்" என்ற முத்திரை எதைச் சொல்கிறது என்பதை இந்த ஒரே அளவு தீர்த்துவிடும்.

ஆனால் இந்த நீளங்கள் எல்லாம் கேஸின் அடியிலிருந்து, அதாவது போல்ட் முகத்திலிருந்து எடுத்தவை. அச்சு தொடங்குவது பேரலின் பின்முகத்திலிருந்து. கேஸின் தலை வெளியே நீண்டிருக்கும் அந்த இடைவெளி அச்சில் இருக்காது. மவுசர் 98-இல் பின்முகம் தட்டை. டெப்த் மைக்ரோமீட்டரால் இடைவெளியை அளந்து கூட்டிக்கொள்ளலாம். ஸ்பிரிங்ஃபீல்டு 1903, வின்செஸ்டர் 70 ரைபிள்களில் பின்முகம் கூம்பாகக் குடைந்திருக்கும். அச்சின் முனையும் கூம்பாக வரும். எந்த விளிம்பிலிருந்து அளக்கிறோம் என்று முன்னமே முடிவு செய்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அச்சு சொல்லாதவை

முதலாவது ஹெட்ஸ்பேஸ். மேலே சொன்ன கூட்டலில் இரண்டு மூன்று பிழைகள் சேர்ந்துவிடும். குடும்பத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கூட்டல் போதும், சுடுவதற்குப் போதாது. ஆக்லி இம்ப்ரூவ்டு என்று சந்தேகம் வந்தால் மூலத் தோட்டாவின் "கோ" கேஜை (சேம்பரின் குறைந்தபட்ச நீளத்தைச் சோதிக்கும் அளவி) போட்டுப் பார்க்க வேண்டும். சரியாக வெட்டிய ஆக்லி சேம்பரில் போல்ட் அதன் மேல் மூடக் கூடாது. மூலத்தின் "கோ" கேஜ்தான் ஆக்லிக்கு "நோ-கோ". எந்தத் தடையும் இல்லாமல் மூடினால் சேம்பர் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த ரைபிளில் கடையில் வாங்கிய மூலத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கேஸ் நீண்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே வெடித்துப் பிரியும்.

இரண்டாவது, கழுத்தின் இடைவெளி. அச்சில் 0.290 என்று வந்தது சேம்பரின் கழுத்து. நிரப்பிய தோட்டாவின் கழுத்து அதைவிடக் குறைந்தது 0.002, வேட்டை ரைபிளுக்கு 0.003 அல்லது 0.004 குறைவாக இருக்க வேண்டும். கழுத்துச் சுவர் 0.015 உள்ள .25-06 கேஸ் என்றால் குண்டு 0.257 கூட்டல் இரண்டு சுவர் 0.030, மொத்தம் 0.287. இடைவெளி 0.003, நல்லது. அதே கேஸை .30-06-இலிருந்து ஒடுக்கிச் செய்தால் கழுத்துச் சுவர் தடிக்கும். 0.017 ஆனால் மொத்தம் 0.291. சேம்பரைவிடப் பெரிது. போல்ட்டை அழுத்தினால் மூடிவிடும், அதுதான் பயங்கரம். கழுத்து விரிய இடமில்லாமல் குண்டு விடுபடாது. சாதாரண வெடிமருந்து அளவிலேயே அழுத்தம் எல்லை மீறும். இதற்குத் தீர்வு மருந்தைக் குறைப்பதல்ல. கழுத்துச் சுவரைக் கடைந்து சீராக்குவதுதான்.

மூன்றாவது, ரீமரை அரைத்தது யார் என்பது. ஒரே பெயருள்ள வைல்ட்கேட்டை இரண்டு கன்ஸ்மித்கள் இரண்டு ரீமரால் வெட்டியிருப்பார்கள். ஒருவரது கழுத்து 0.290, இன்னொருவரது 0.286. ஒருவரது த்ரோட் நீளம், இன்னொருவரது குட்டை. பெயர் பொருந்துகிறது என்பதால் வேறொருவர் எழுதி வைத்த மருந்து அளவை எடுத்துப் போடக் கூடாது.

அச்சிலிருந்து தோட்டாவுக்கு

கேஸ் செய்யும்போது .30-இலிருந்து .25-க்கு ஒரே இழுப்பில் ஒடுக்கினால் தோள் மடிந்து சுருங்கும். இடையில் .27 அல்லது .28 டையில் ஒரு முறை ஒடுக்க வேண்டும். மசகு குறைந்தால் கேஸ் டைக்குள் சிக்கும். அதிகமானால் தோளில் பள்ளம் விழும். கழுத்து, தோள் பகுதியை மட்டும் அனீல் செய்ய (சூடாக்கி மென்மையாக்க) வேண்டும். அடிப்பக்கம் மெத்தென்றாகிவிட்டால் அந்தக் கேஸைக் குப்பையில்தான் போட வேண்டும். கேஸின் நீளத்தை அச்சில் கழுத்து முடியும் படிக்கட்டைவிட 0.010 அங்குலமாவது குட்டையாக வெட்ட வேண்டும். நீளமாக விட்டால் கழுத்தின் வாய் அந்தப் படிக்கட்டில் மாட்டிக் குண்டை இறுக்கும். முடிவில் தடித்த கழுத்தில் வரும் அதே விபத்துதான்.

ஆக்லி வகையில் .25-06 தோட்டாவையே சுட்டுச் சேம்பருக்கு ஏற்ப விரிய வைக்கலாம். ஹெட்ஸ்பேஸ் சரியாக இருந்தால் மட்டும். கேஸ் லேசாக நசுங்கி உட்காரும் அந்த இறுக்கத்தைப் போல்ட் கைப்பிடியில் உணர முடிய வேண்டும். ஃபயரிங் பின்னையும் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றிவிட்டு, பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் இல்லாத வெறும் கேஸைப் போட்டுப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். இறுக்கமே இல்லை என்றால் கழுத்தை முதலில் ஒரு அளவு பெரிதாக்கி, பிறகு போல்ட் இறுக்கமாக மூடும் இடம்வரை மட்டும் ஒடுக்கிப் போலித் தோள் ஒன்று உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

மருந்து அளவு எதுவும் இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாது என்பதே எங்கள் கருத்து. அச்சை எடுத்து, விரிந்த கேஸ்கள் கையில் வந்த பிறகு, அதில் தண்ணீர் நிரப்பி எத்தனை கிரெய்ன் பிடிக்கிறது என்று எடை போட வேண்டும். அதே குண்டு விட்டமும், அதற்குச் சமமான அல்லது குறைவான கொள்ளளவும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட தோட்டாவுக்கு மருந்துக் கம்பெனி வெளியிட்ட தொடக்க அளவுதான் உச்ச எல்லையைத் தேடிப் போகும் பயணத்தின் முதல் படி. ராணுவக் கேஸில் சுவர் தடிமன் அதிகம், கொள்ளளவு குறைவு; கேஸ் மாறினால் மீண்டும் தண்ணீர் எடை. பிரைமர் தட்டையாவதை மட்டும் வைத்து அழுத்தத்தை மதிப்பிடக் கூடாது. போல்ட் தூக்கக் கனமாவது, கேஸின் அடியில் எஜெக்டர் அடையாளம் பளபளப்பாகப் பதிவது, பிரைமர் குழி தளர்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லை ஏற்கெனவே தாண்டிவிட்டது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் உரிமம் வேண்டும். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் வெடிபொருள் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

கந்தகத்தை உருக்கி ஊற்றுவது பழைய வழக்கம். மலிவு. ஆனால் 115 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்ச வேண்டும், புகை தாங்காது, அச்சு கண்ணாடியைப் போல் உடையும், துடைக்காமல் விட்ட இடத்தில் எஃகு அரிக்கும். மென்மையான ஈயக் குண்டைப் பேரலில் தள்ளி அளப்பது குரூவ் விட்டத்துக்கு மிக நல்லது; சேம்பரைப் பற்றி எதுவும் சொல்லாது. முன்பே சுட்ட கேஸ் ஒன்று ரைபிளோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் பித்தளை சுட்ட பின் கொஞ்சம் சுருங்கும். த்ரோட்டைப் பற்றியும் அது பேசாது. அந்தக் கேஸ் இந்தச் சேம்பரில்தான் சுடப்பட்டது என்பதற்கும் உத்தரவாதமில்லை.

செர்ரோசேஃபின் குறை என்று சொன்னால் இரண்டு. ஈயமும் காட்மியமும் உள்ள பொருள். சமையல் பாத்திரத்தில் உருக்கவே கூடாது, கையுறை வேண்டும், வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும், சாப்பாடு அருகே வரக் கூடாது. இன்னொன்று, கட்டியோடு வரும் தாளில் வளர்ச்சி அட்டவணையின் முக்கியத்துவத்தை வாங்குபவர் எளிதில் கவனிக்காமல் விட்டுவிடுவார். அதைப் படிக்காதவருக்கு இந்த உலோகம் தவறான எண்ணைத்தான் தரும்.

வைல்ட்கேட் டை செய்து தருபவர்களில் சி.ஹெச்.4டி, ரெட்டிங், ஆர்.சி.பி.எஸ். தெரிந்த பெயர்கள். சுட்டு விரிந்த கேஸ்கள் மூன்றைக் கேட்பார்கள்; அவற்றோடு அச்சின் அளவுத் தாளையும் அனுப்பினால் கழுத்துக்கு எந்தப் புஷ்ஷிங் (டைக்குள் கழுத்தளவைத் தீர்மானிக்கும் வளையம்) என்பதில் சந்தேகம் வராது. அச்சையே அனுப்பத் தேவையில்லை. அது நாளாக நாளாக வளர்ந்திருக்கும். அதில் ஊற்றிய தேதியையும் நேரத்தையும் ரைபிளின் எண்ணையும் எழுதி ஒட்டி, டை வந்து முதல் கேஸ் சேம்பரில் சரியாக உட்காரும்வரை மீண்டும் உருக்காமல் வைத்திருக்க வேண்டும்.